பதிவில்லாத வாழ்வும் பத்திரமில்லாத வீடும்

மன்னார்த் தீவின் வடகரையில் அமைந்த எருக்கலம்பிட்டியில் வீடு என்பது பெரும்பாலும் பெண்ணோடு சேர்த்தே பேசப்படுகிறது. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு வரவழைப்பது வடபுலத்து முஸ்லிம்களிடையே தலைமுறைகளாக நிலவிவரும் வழக்கம். ஆனால் ஊரார் அனைவரும் இன்னாளின் வீடு என்று ஏற்றுக்கொண்ட ஒன்று சட்டத்தின் முன்னும் அவளுடையதாக வேண்டுமானால் உறுதி கேட்கப்படுகிறது. அவ்வீட்டில் அவளோடு வாழ்ந்தவர் அவளுடைய கணவர்தாம் என்பதற்கு விவாகச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. இரண்டும் கையில் இல்லாதவளின் நிலை என்ன? திருமணமின்றிச் சேர்ந்து வாழ்வோரின் சொத்துரிமை பற்றிப் பெருநகரங்களில் நடைபெறும் விவாதம், நமது கரையோரக் கிராமங்களில் இந்த வடிவத்திலேயே வந்து நிற்கிறது.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்த் தீவின் மக்கள் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். உறுதிகளும் சான்றிதழ்களும் பூட்டிய வீடுகளுக்குள் கிடந்தன. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புத்தளம் மாவட்டத்தின் முகாம்களிலும் குடியிருப்புகளிலும் கழிந்தன. எருக்கலம்பிட்டியிற் பிறந்த புவியியற் பேராசிரியர் அமரர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த வெளியேற்றத்தைப் பதிவுசெய்வதிலேயே செலவிட்டார். ஓலைக் கொட்டில்களிலும் மக்கள் மணமுடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், பிரிந்தும் போனார்கள். நிக்காஹ் நடந்தது, எல்லா நிக்காஹ்களும் பதிவேட்டில் ஏறின என்று யாரும் உறுதிகூற மாட்டார்கள்.

இங்கே இருவகை நிலைமைகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, நிக்காஹ் நடந்தும் பதிவு நடைபெறாத அல்லது பதிவு தொலைந்துபோன வாழ்வு. மற்றையது, நிக்காஹ்வோ வேறெந்தச் சடங்கோ இன்றிச் சேர்ந்து வாழும் வாழ்வு. அலுவலகக் கருமபீடத்தின் முன் நிற்கும்போது இவ்விரு பெண்களும் ஒரே பதிலைத்தான் பெறுகிறார்கள்: "சான்றிதழ் கொண்டு வாருங்கள்." சட்டமோ இருவரையும் ஒருபோதும் ஒன்றாகக் கருதவில்லை.

1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 17 ஆம் பிரிவு விவாகத்தைப் பதிவுசெய்வதைக் கடமையாக்குகிறது. பதிவுசெய்யாதிருப்பது தண்டனைக்குரிய தவறு. எனினும் அடுத்திருக்கும் 16 ஆம் பிரிவைப் பலரும் அறியார். முஸ்லிம் சட்டப்படி செல்லுபடியாகும் விவாகம், பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாததாகிவிடாது. செல்லாத விவாகம் பதிவு செய்யப்பட்டதனாலேயே செல்லுபடியாவதுமில்லை. ஆகவே வலியும் சாட்சிகளும் இருந்து, ஈஜாபும் கபூலும் நிகழ்ந்திருந்தால், அவள் மனைவியே. கணவர் மரணமுறிசாசனமின்றி இறந்தால், 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவர் சார்ந்த மத்ஹபின் விதி செயற்படும். பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இல்லையெனில் நான்கில் ஒரு பங்கு. மனைவியர் ஒருவருக்கு மேற்பட்டால் அதே எட்டில் ஒன்றைத்தான் அவர்கள் பகிர்ந்துகொள்வர். பதிவில்லாத இரண்டாவது நிக்காஹ் மரணவீட்டில்தான் வெளிப்படுவது இதனாலேயே பெரும் வழக்காகிறது.

பதிவேட்டில் மணமகளின் கையொப்பத்துக்குச் சட்டம் இடம் வைக்கவில்லை என்பதையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். மணமகனும் வலியும் நிக்காஹ்வை நடத்தியவருமே பிரகடனம் செய்வோர். தன் திருமணத்துக்குத் தானே சாட்சியாக இல்லாத ஒருத்தி, பின்னொரு நாளில் அதனை நிரூபிக்குமாறு கோரப்படுகிறாள். நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் நியமிக்கப்பட்ட குழு 2018 இல் தன் அறிக்கையைக் கையளித்தது. மணமகளின் கையொப்பம் பற்றிய விவாதம் அதற்கு முன்பும் நடந்தது, பின்பும் நடக்கிறது.

சான்றிதழ் இல்லாதபோது நீதிமன்றம் எதைப் பார்க்கும்? இதற்கான விடையை உலகுக்குத் தந்ததே நமது நாட்டு வழக்குகள்தாம் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1881 இல் இலங்கையிலிருந்து இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் சென்ற அரோணகரி எதிர் வைகாலி என்னும் தமிழர் வழக்கில் ஒரு விதி வகுக்கப்பட்டது. ஆணும் பெண்ணும் கணவன் மனைவியராக வாழ்ந்தமை நிரூபிக்கப்பட்டால், மறுதலையானது தெளிவாக நிரூபிக்கப்படும்வரை, அவர்கள் முறையான திருமணத்தின் பேரிலேயே வாழ்ந்தனர் எனச் சட்டம் ஊகிக்கும். வைப்பு வாழ்க்கை வாழ்ந்தனர் என ஊகிக்காது. 1927 இல் தினோஹாமி எதிர் பாலஹாமி வழக்கில் அதே கழகம் இதனை மீண்டும் உறுதிப்படுத்தியது. அங்கே நீதிமன்றம் கணக்கிலெடுத்தவை எவை என்று பாருங்கள்: ஒரே வீட்டில் இருபதாண்டு வாழ்வு, எட்டுப் பிள்ளைகள், மனைவி மக்களுக்காகக் கணவர் செய்துவைத்த ஏற்பாடுகள், அப்பகுதிப் பதிவாளரின் சாட்சியம், வீட்டுக்கு வந்த உறவினரையும் விருந்தினரையும் இருவருமாக வரவேற்ற முறை. விருந்தோம்பலும் சாட்சியமாகியது!

எருக்கலம்பிட்டிப் பெண்ணுக்கு இதன் பொருள் நடைமுறை சார்ந்தது. நிக்காஹ்வில் இருந்த இரு சாட்சிகளில் ஒருவரேனும் உயிரோடிருந்தால் அவருடைய சத்தியக்கடதாசி, பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதம், முகாம் காலத்து உலர் உணவு அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பாடசாலை அனுமதிப் பதிவு, வாக்காளர் இடாப்பு ஆகிய யாவும் சேர்ந்தே 'ஊரறிந்த வாழ்வு' என்பதை நிறுவும். இவற்றை வீட்டுக்காரர் உயிரோடிருக்கும்போதே திரட்டிவைப்பது எளிது. இறந்தபின் அவருடைய சகோதரர்கள் எதிர்த்தரப்பில் நிற்கும்போது கடினம். எனினும் இது ஊகமே, மறுக்கப்படக்கூடியது. எந்தச் சடங்கும் நடக்கவில்லை என்று நிரூபிக்கப்பட்டால் அது சரிந்துவிடும். கண்டிச் சட்டத்தின்கீழ் மணமுடிப்போருக்கு இந்த வாய்ப்பும் இல்லை; 1952 ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கு பதிவே திருமணம்.

இந்தியா இந்த விதியை இன்னொரு திசையில் நகர்த்தியிருக்கிறது. கோயம்புத்தூரில் தொடங்கிய வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்திலுள்ள 'திருமணத்தின் இயல்பையொத்த உறவு' என்ற தொடருக்கு வரையறை கூறியது. இருவரும் சமூகத்தின்முன் தம்பதியர்போல் விளங்கியிருக்க வேண்டும். மணமுடிக்கும் வயதும் தகுதியும் உடையோராயிருக்க வேண்டும். தம் விருப்பின்படி கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். அங்கு திருமணம் நடந்ததாக ஊகிப்பதோடு நில்லாமல், திருமணம் நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டவளுக்கும் ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. ஏற்கெனவே மணமான ஆணோடு வாழ்ந்தவளை இவ்வரையறை வெளியே நிறுத்துகிறது. 2013 இல் இந்திரா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றமே அதன் கடுமையை எண்ணி, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டுமெனக் கூறியது.

நம் நாட்டில் சடங்கேதுமின்றிச் சேர்ந்து வாழ்வோரின் நிலைக்கு வருவோம். சமயமும் சமூகமும் இதனை ஏற்பதில்லை என்பது வெளிப்படை; அதனை வாதிட இப்பத்தி எழுதப்படவில்லை. வயதுவந்த இருவர் சேர்ந்து வாழ்வது இலங்கையில் குற்றமல்ல. பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்ணாயின் அது வேறு விடயம். அங்கே தண்டனைச் சட்டக்கோவை பேசும்.

இத்தகையோருக்குச் சட்டம் தருபவை இரண்டு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், வாழ்க்கைத்துணையோடும் முன்னாள் துணையோடும் 'சேர்ந்து வாழும் துணை'யையும் தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். கட்டளை பன்னிரண்டு மாதம்வரை நிலைக்கும். அதுவரை வீட்டின் உரிமை யாருடையதாயினும் வன்முறையாளர் உள்ளே நுழைவதை மன்று தடுக்க முடியும். இரண்டாவது, பிள்ளையின் தாபரிப்பு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் பிள்ளையென்றே கொள்கிறது. தந்தை இன்னாரென்பதை மட்டும் வலுவான சான்றால் காட்ட வேண்டும். தாயும் தந்தையும் முஸ்லிம்களாயின் இக்கோரிக்கையைக் காழியிடமே முன்வைக்கலாம்.

தராதவை பல. சேர்ந்து வாழ்ந்தவளுக்கு மனைவிக்குரிய தாபரிப்பு இல்லை. அவர் இறந்தால் வழியுரிமை இல்லை. தேசவழமைக்குட்பட்ட மன்னார்த் தமிழ்ப் பெண்ணாயின், மணவாழ்வில் ஈட்டிய தேடியதேட்டத்தில் மனைவிக்குரிய அரைப்பங்கும் அவளுக்கு இல்லை. அச்சட்டம் அறிந்தது கணவனையும் மனைவியையும் மட்டுமே. பிள்ளை தாயின் சொத்துக்கு வாரிசாகும், தந்தையின் சொத்துக்கு ஆகாது. தந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவில் சேர்ப்பதற்கும், தாயும் தந்தையென ஒப்புக்கொள்பவரும் ஒருசேரக் கோரிக் கையொப்பமிட வேண்டும். தாய் தனியே சென்று பெயரைச் சொன்னால் பதிவாளர் எழுதமாட்டார், எழுதவும் கூடாது.

மன்னார்த் தீவில் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். சமயம் மாற விரும்பாத கலப்புத் தம்பதியர் தமக்குத் திருமணமே வாய்க்காதென எண்ணிச் சேர்ந்து வாழ்வதுண்டு. இது தவறான எண்ணம். 1907 ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விலக்குவது இரு முஸ்லிம்களுக்கிடையிலான விவாகத்தையே. ஒருவர் முஸ்லிமாகவும் மற்றவர் பிறராகவும் இருந்தால் அச்சட்டத்தின்கீழ் பதிவு செய்ய முடியும். இதற்கு நேர்மாறான வழியொன்றும் முன்னர் இருந்தது. பொதுச் சட்டத்தின்கீழ் மணமுடித்தவர் முதல் மனைவியைப் பிரியாமலே இஸ்லாத்தைத் தழுவி இரண்டாவது மணம் செய்வதை 1965 இல் கோமறைக் கழகம் ரீட் வழக்கில் அனுமதித்தது. அபேசுந்தர வழக்கில் நமது உயர் நீதிமன்றம் அக்கதவை அடைத்துவிட்டது (1998 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இதனைக் காணலாம்). அவ்வாறு 'மணமுடிக்கப்பட்ட' பெண், தன்னை மனைவியென நம்பி வாழ்ந்தாலும், சட்டத்தில் சேர்ந்து வாழ்ந்தவளே ஆகிறாள்.

இனிக் காணி. நெடுங்காலம் வாழ்ந்த வீடு ஆட்சியுரிமையால் தனதாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு எதிரிடையான ஆட்சியைக் கோருகிறது. உரிமையாளரின் இசைவோடு, அவருடைய துணையாக அவ்வீட்டில் இருந்தவள் எதிரிடையாக ஆண்டவள் ஆகாள். முப்பதாண்டு இருந்தாலும் நிலை இதுவே. வெளியேற்றப்பட்டோரின் காணியை ஆண்டவர்கள் இதே சட்டத்தைத் துணைக்கழைத்ததனால்தான், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கும் சிறப்புச் சட்டம் 2016 இல் இயற்றப்பட்டது. அது காணியை இழந்தவருக்குத் துணைநிற்பது. வீட்டுக்குள்ளேயே உரிமையற்று வாழ்பவளுக்கு அதில் ஏதுமில்லை.

இதைவிடச் சூட்சுமமானது 'குடும்பத் தலைவர்' என்ற சொல். நிர்வாகப் படிவங்களில் குடியேறிய இச்சொல் கணவரை முதல்வராக்கிவிடுகிறது. மீள்குடியேற்றத்தின்போது ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா வீதம் வழங்கிய இந்திய வீட்டுத்திட்டம் போன்றவற்றில் பயனாளியாக யாருடைய பெயர் எழுதப்படுகிறது என்பது சிறு விடயமன்று. தாயிடமிருந்து வந்த காணியில் எழும் வீடு, படிவத்தில் ஆணின் பெயரில் ஏறிவிட்டால், நாளை பிணக்கு அங்கிருந்தே தொடங்கும்.

மத்திய கிழக்கில் உழைத்து அனுப்பிய பணத்தில் துணைவரின் பெயரில் காணி வாங்கப்பட்டிருந்தால் ஒரு வழி உண்டு. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84 ஆம் பிரிவின்படி, ஒருவர் கொடுத்த விலைப்பணத்தில் மற்றவர் பெயருக்குச் சொத்து எழுதப்பட்டு, அவருக்கே அதைக் கொடுத்துவிடும் எண்ணம் பணம் கொடுத்தவருக்கு இருக்கவில்லை எனத் தோன்றினால், பெயருக்குரியவர் பணம் கொடுத்தவரின் நன்மைக்காகவே அதனை வைத்திருக்கிறார். இதற்குத் திருமணம் தேவையில்லை. வங்கிப் பற்றுச்சீட்டும் பணமாற்றுத் துண்டும் தேவை.

எல்லாவற்றையும்விட உறுதியான வழி உறுதியே. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பிரசித்த நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இன்றிச் செய்யப்படும் காணிக் கைமாற்றம் வெற்றுக் காகிதம். "வீடு உனக்குத்தான்" என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சொன்னாலும் அதுவே நிலை. மரணசாசனமாயின் நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளும் வேண்டும். ஷரீஆவின்படி வாரிசல்லாத ஒருவருக்கு மரணசாசனத்தால் சொத்தின் மூன்றில் ஒரு பங்குவரை வழங்கலாம். நிக்காஹ் இல்லாத துணை அந்த வகையினரே. இனி வீடு எழுதுவோர் அதனை நன்கொடையாக எழுதுவதாயின், 1931 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் 3 ஆம் பிரிவை நொத்தாரிசிடம் நினைவூட்ட வேண்டும். முஸ்லிம் ஒருவரின் நன்கொடை உறுதியில் 'மீளப்பெற முடியாதது' என்ற சொற்கள் வெளிப்படையாக எழுதப்படாவிட்டால், அது மீளப்பெறத்தக்கதாகவே கொள்ளப்படும். கொடுத்தவர் மனம்மாறிய மறுநாளே இரத்துச் செய்யலாம். மேலும், உறுதிப் பத்திரத்தைப் பெறுபவள் கையில் கொடுத்துவிட்டால், காணியின் ஆட்சியை ஒப்படைத்ததற்கு அதுவே சான்றாகும். ஆதலால் அப்பத்திரம் கொடுத்தவரின் பெட்டியில் அல்ல, அவளுடைய பெட்டியில் இருக்க வேண்டும். நொத்தாரிசின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்வதால், மூலம் தொலைந்தாலும் அங்கு சான்றுப்படுத்திய பிரதியைக் கோரலாம்.