தாலியும் மோதிரமும்



தாலி புறஜாதியாரின் சின்னம், அதைக் கழற்றிவிட வேண்டும் என்று ஒரு பிரசங்கியார் சொன்னதைக் கேட்டுக் கலங்கிய சகோதரி ஒருவர், சென்ற வாரம் நெமிலியில் என்னிடம் வந்தார். உங்களில் வேறு சிலருக்கும் அக்கலக்கம் இருக்கக்கூடும்.

கேள்வி பழையது. 1704ஆம் ஆண்டு போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்திருந்த தூர்னோன், பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் 108 இழை மஞ்சள் கயிற்றையும் தமிழ்க் கத்தோலிக்கப் பெண்கள் அணியலாகாது என ஆணையிட்டார். ஆயினும் தாலியையே அவர் ஒழிக்கவில்லை. சிலுவை பொறித்ததை அணிய இடமளித்தார் என்பதைக் கவனியுங்கள். அவ்வாணையைக் குறித்த வழக்கு 1744 வரை நீடித்தது. சீர்திருத்தச் சபையாராகிய நம்மைப் போப்பின் ஆணை கட்டாதுதான். எனினும் நம் ஆலயங்களில் போதகர் ஜெபித்துக் கொடுக்கும் தாலியிலும் சிலுவையைக் காண்கிறோம்.

மோதிரத்தைப் பற்றி அந்தப் பிரசங்கியார் ஒன்றும் சொல்லவில்லையாம்! அதுவோ, கிறிஸ்துவை அறியாத ரோமர் மணம் பேசிய பெண்ணுக்கு அனுப்பியது. முதல் நூற்றாண்டில் அது கல் பதிக்காத இரும்பு வளையம் என்கிறார் பிளினி. மணமக்கள் தலையில் சூடிய முடியும் அவர்களுடையதே. முடி சூடுதலைக் கண்டித்து, கி.பி. 211ஐ ஒட்டித் தெர்த்துல்லியன் ஒரு நூலே எழுதினார். ஆனால் கிழக்குத் திருச்சபைகளில் மணமக்களுக்கு முடி சூட்டுவது இன்றும் திருமண ஆராதனையின் மையம்.

விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றைக் குறித்துப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தை அச்சகோதரியோடு சேர்ந்து வாசித்தேன். அவர் தாலியோடுதான் வீடு திரும்பினார். கழற்றியிருந்தாலும் தடுத்திருக்க மாட்டேன்.