பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான தொண்டுப்பணி (சென்னை)

சென்னையில் வன்முறைக்கு ஆளான பெண்களுக்குக் கைகொடுக்கும் பணி ஏறத்தாழ நூறாண்டு பழையது. போக்கிடம் இல்லாதவளுக்கு ஓர் இடம் என்பதாகவே அது தொடங்கியது. கணவன் கை ஓங்குவதை வன்முறை என்று வெளிப்படையாகப் பேச வெகுகாலம் ஆயிற்று.

1917இல் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாச, அன்னி பெசன்ட் ஆகியோரின் முயற்சியால் அடையாறில் இந்திய மாதர் சங்கம் உருவானது. வாக்குரிமையும் குழந்தை மணத் தடையுமே அதன் பெரிய கவலைகள். குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற சிறுமிகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்த சாரதா இல்லம் கடற்கரையோர ஐஸ் ஹவுஸில் இயங்கியது.

இந்த வரலாற்றின் மையம் முத்துலட்சுமி ரெட்டி. 1927இல் சென்னைச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த அவர், பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அந்நாளில் அவரிடம் அடைக்கலம் தேடி வந்த தேவதாசிக் குடும்பச் சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. அதன் விளைவே 1930இல் அவர் நிறுவிய அவ்வை இல்லம். பிற்காலத்தில் அது அடையாறு பெசன்ட் அவென்யூவில் நிலைகொண்டது. பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் வர 1947 ஆயிற்று. இல்லமோ சட்டத்துக்குப் பதினேழு ஆண்டுகள் மூத்தது. தேவதாசிகளில் ஒரு பகுதியினர் இந்தச் சட்ட முயற்சியை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தங்கள் சொத்தும் கலையும் பறிபோகும் என்ற அவர்களது அச்சம் வெறும் பிடிவாதம் அல்ல.

விடுதலைக்குப் பின் சில பத்தாண்டுகள் இல்லங்கள் தொடர்ந்தன, பேச்சு குறைந்தது. வரதட்சணைச் சாவுகள்தான் அதை மீண்டும் கிளப்பின. 1981இல் சென்னையில் உருவான அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் அவற்றைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1983இல், மனைவியைக் கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய 498ஏ பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்தது. 1992இல் ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. புகார் சொல்லப் பெண் காவலர் இருந்தது பெரிய மாற்றம்தான். ஆனால் “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்ற அறிவுரை காக்கிச் சேலையிலும் வந்தது. தொண்டமைப்புகளின் தேவை அந்த இடைவெளியில்தான் இருந்தது.

2001இல் பிரசன்னா கெட்டுவும் தோழர்களும் தொடங்கிய பி.சி.வி.சி. அமைப்பு நெருக்கடி கால உதவி எண், தங்குமிடம், மனநல ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றை ஒரே கையில் சேர்த்தது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் அது செய்துவரும் பணி தனித்துச் சொல்லத்தக்கது. “ஸ்டவ் வெடிச்சிருச்சு” என்று சொல்லிப் படுத்திருக்கும் பெண்ணிடம், தோல் ஆறும்வரை பொறுமையாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. உண்மை வெளிவந்த பிறகும் வருமானம் வேண்டுமே! கோபாலபுரம் பீட்டர்ஸ் சாலையில் உணவகத் தொழிலதிபர் எம். மகாதேவன் தொடங்கிய ரைட்டர்ஸ் கஃபே, தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களைப் பயிற்றுவித்து வேலைக்கு அமர்த்தியது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்கும் பணியில் துளிர் அமைப்பு இருக்கிறது. சுவர்ணா ராஜகோபாலன் நிறுவிய பிரஜ்ஞா, 2008 முதல் நவம்பர் 25 தொடங்கி டிசம்பர் 10 வரை 16 நாள் பிரசாரம் நடத்தி, விவாதத்தைக் கல்லூரிகளுக்கும் அரங்குகளுக்கும் கொண்டுசென்றது. 1991இல் உலக அளவில் தொடங்கிய இயக்கத்தின் சென்னைக் கிளை என்று அதைக் கருதலாம்.

எல்லாவற்றிலும் அடிப்படையான திருப்பம், 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம். அதுவரை அடிபட்டவள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியிருந்தது. கணவனுடன் வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைச் சட்டம் அவளுக்குத் தந்தது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. பதிவு பெற்ற தொண்டமைப்புகள் சம்பவ அறிக்கையை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவும் இச்சட்டம் இடமளித்தது. 2018 டிசம்பரில் தமிழக அரசு 181 மகளிர் உதவி எண்ணைத் தொடங்கியது. அழைப்பை எடுப்பது எளிது. அன்றிரவே அவளும் பிள்ளைகளும் எங்கே படுப்பார்கள் என்பதற்கு விடை, இன்றும் பெரும்பாலும் ஓர் இல்லத்தின் காலிக் கட்டிலைப் பொறுத்தே அமைகிறது.