பெயர் எழுதி வைத்தவர்கள்

1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. 1900-இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம் அது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, புறா, கிளி என எதைத் தேடினாலும் சென்னைவாசிகள் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சந்தைக்குத்தான் போனார்கள். தீ அணைந்தது, சந்தை திரும்ப எழவில்லை. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். மூர் மார்க்கெட்டின் சிறு மாதிரி ஒன்று மட்டும் அங்கே நிற்கிறது.

இரண்டு வருடம் முன்பு, 1983-இல், மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் கட்டடமும் இப்படித்தான் எரிந்துபோனது. இரண்டுக்காகவும் வருந்தியவர்கள் பலர். ஆனால் எந்தச் சட்டத்தைக் காட்டி அவற்றைத் திரும்பக் கேட்பது? பழமை என்றாலே கோயில், கோட்டை என்றிருந்த ஊரில் நூறு வயதுக் கடைக்கும் கல்லூரிக்கும் காவல் நிலையத்துக்கும் பாதுகாப்புப் பட்டியலில் இடம் இல்லை.

அந்தப் பட்டியலைத் தன் போக்கில் எழுதத் தொடங்கியவர் எஸ். முத்தையா. 1930-இல் பள்ளத்தூரில் பிறந்து, கொழும்பில் ‘டைம்ஸ் ஆஃப் சிலோன்’ நாளிதழில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 1968-இல் சென்னைக்கு வந்தவர். இங்கே வரைபட நிறுவனம் ஒன்றில் வேலை. தெருத்தெருவாக இந்த ஊரை அறிய அதைவிடத் தோதான வேலை உண்டா? 1981-இல் ‘மெட்ராஸ் டிஸ்கவர்டு’ புத்தகம் வந்தது. 1991-இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழைத் தொடங்கினார். எந்தக் கட்டடத்தை யார் கட்டினார், எப்போது கை மாறியது, இப்போது எதற்காக இடிக்கப் பார்க்கிறார்கள் என்று சலிக்காமல் எழுதினார்.

அந்தத் தொண்ணூறுகளிலேயே ஒரு சோதனை வந்தது. மெரினா எதிரே இருக்கும் டி.ஜி.பி. அலுவலகத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்ப அரசு நினைத்தது. 1839-இல் ஃப்ரீமேசன் சபைக்காகக் கட்டப்பட்ட கட்டடம் அது. 1874-இல் போலீஸ் துறை அதை இருபதாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. 1984-இல் தோன்றிய மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றத்துக்குப் போனது. கடப்பாரை நின்றது. கட்டடம் செப்பனிடப்பட்டு இன்றும் அதே வெள்ளைத் தூண்களோடு கடலைப் பார்த்து நிற்கிறது.

அதே கடற்கரைச் சாலையில் 2003-இல் ராணி மேரிக் கல்லூரியின் முறை. 1914-இல் தொடங்கிய மகளிர் கல்லூரி. அதை இடித்துவிட்டுப் புதுத் தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. இந்தமுறை முன்னால் நின்றது வரலாற்று ஆர்வலர்கள் அல்ல, மாணவிகள். வளாகத்தை விட்டு வெளியேற மாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்தார்கள். விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது, அரசியல் மேடைக்கும் போனது. கடைசியில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு அத்தனை அதிர்ஷ்டம் இல்லை. 1897-இல் மருந்து வணிகர் டபிள்யூ.இ. ஸ்மித் கட்டிய கோபுரக் கட்டடம், பிறகு எல்.ஐ.சி.யின் சொத்தானது. பாதுகாப்பற்றது என்று சொல்லி 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் மறுபடி வழக்குத் தொடுத்துத் தடை வாங்குவதற்குள் ஒரு பகுதி போயிருந்தது. 2010-இல் உயர்நீதிமன்றம் கட்டடத்தைக் காக்கும்படி தீர்ப்பளித்தது. இந்த ஊரில் வழக்கில் வெல்வது ஒரு வேலை, வென்றதைச் செப்பனிட வைப்பது இன்னொரு வேலை. தீர்ப்புக்குப் பிறகும் அந்தக் கட்டடம் வருடக்கணக்கில் பாழடைந்தே கிடந்தது.

இடிப்பவர் பெரும்பாலும் அரசோ அரசு நிறுவனமோதான் என்பதே இந்தக் கதைகளின் சங்கடம். காப்பாற்றக் கேட்க வேண்டியதும் அதே அரசிடம்தான்.

நிலத்தின் கதையும் வேறல்ல. சென்னைக்குத் தெற்கே ஊர்க்காரர்கள் கழுவெளி என்று அழைத்த பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒருகாலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்ததாக மதிப்பிடுகிறார்கள். மழைநீரைத் தாங்கிக் கடலுக்கு அனுப்பிய அந்த நிலத்துக்கு அரசு ஏடுகளில் பெயர் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் குப்பை கொட்டலாம், சாலை போடலாம், அலுவலகம் கட்டலாம், மூன்றும் நடந்தன. இங்கும் முதலில் நடந்த வேலை கணக்கெடுப்புதான். ‘கேர் எர்த்’ அமைப்பினர் சதுப்பை ஆய்ந்தார்கள். பறவை ஆர்வலர்கள் நாரை, பூநாரை, நாமக்கோழி என்று பெயர் பெயராக எழுதினார்கள். சுற்றியிருந்த குடியிருப்புவாசிகள் மனு மேல் மனு கொடுத்தார்கள். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேருக்கு, உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சார் தகுதி கிடைத்தது. எஞ்சியதற்குத்தான் இந்தக் காவல்; போனது போனதுதான்.

சட்டம் எல்லோருக்கும் பின்னால் வந்தது. தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024-இல். முத்தையா அதைப் பார்க்கவில்லை. 2019 ஏப்ரலில் மறைந்துவிட்டார். 2004-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய மெட்ராஸ் நாள் மட்டும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. காலை வெயில் ஏறுமுன் மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் சிறு கூட்டங்கள் பழைய வீடுகளை அண்ணாந்து பார்த்தபடி நடந்து போகின்றன.

உங்கள் தெருவிலும் ஒரு பழைய வீடோ குளமோ இருக்கும். யார் கட்டியது, எந்த ஆண்டு, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்து எழுதிவையுங்கள். ஒரு படமும் எடுத்துவையுங்கள். நாளை மனு எழுத வேண்டி வந்தால், முதலில் கேட்கப்படுவது அந்த விவரம்தான்.