நிலநடுக்கமும் நிலத்தடிக் கட்டுமானங்களும்

நிலநடுக்கத்தின்போது தரைக்கு மேலுள்ள கட்டடம் தன் எடையாலேயே ஆட்டம் காண்கிறது. சுரங்கப்பாதையோ சூழ்ந்த மண் எப்படி வளைகிறதோ அப்படியே வளைகிறது. கெட்டிப் பாறைக்குள் சேதம் பொதுவாகக் குறைவு. தளர்ந்த வண்டலில் அதிர்வு பெருகும். இரண்டும் சந்திக்கும் இடம் இன்னும் ஆபத்தானது. இருபுறமும் வெவ்வேறு அளவில் அசைவதால் குழாய் இணைப்புகள் அங்கே விட்டுப்போகும்.

நிலத்தடியில் பயமில்லை என்ற நம்பிக்கையைத் தகர்த்தது ஜப்பானின் கோபே நகரிலுள்ள டைகாய் ரயில் நிலையம். 1960களில் பள்ளம் தோண்டிக் கட்டி, மேலே மண்ணிட்டு மூடிய நிலையம் அது. 1995 ஜனவரி 17, விடியற்காலை 5:46 மணிக்கு நிலம் குலுங்கியபோது, மண் பக்கவாட்டில் நகர்ந்து கான்கிரீட் பெட்டியையே கோணலாக்கியது. நடுவரிசைத் தூண்கள் 35இல் 30க்கும் மேற்பட்டவை நொறுங்கின. நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிய வளையங்கள் அதிக இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருந்தன. கான்கிரீட் உதிர்ந்ததும் கம்பிகள் வெளியே பிதுங்கின. கூரை நடுவில் இறங்க, மேலிருந்த சாலை சுமார் 2.5 மீட்டர் வரை அமிழ்ந்தது.

நீர் நிறைந்த தளர்மணலின் கேடு வேறு வகை. குலுக்கலில் அது குழம்பாகிவிட, உள்ளே வெற்றிடம் கொண்ட கட்டுமானங்கள் மேலெழும். 2004இல் ஜப்பானின் நீகாட்டா பகுதியில், சுற்றி நிரப்பிய மண் அப்படிக் குழைந்ததால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதாளச் சாக்கடை மேன்ஹோல்கள் சாலையைப் பிளந்து மேலே வந்தன.