திருவொற்றியூர் புல்லட்டும் பழைய வண்டிக் கணக்கும்

நம் வயதுக்காரர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கிய கதையைச் சொன்னால், பெரும்பாலும் அது பழைய வண்டி வாங்கிய கதையாகத்தான் இருக்கும். மாதச் சம்பளத்தில் புது வண்டி எட்டாக்கனி. ஆனால் பத்து வருடம் ஓடிய புல்லட்டைத் துணிந்து வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது வடசென்னையில் நடந்த சரித்திரம்.

ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனி. நம் ராணுவத்துக்குப் புல்லட் தேவைப்பட்ட காலத்தில், மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் ஆலை வந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு தயாரிப்புக் கருவிகளே வந்துசேர, 1962 வாக்கில் பாகங்கள் எல்லாம் இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் தாய்க் கம்பெனியே இல்லாமல் போயிற்று. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது!

பழைய வண்டி வாங்குகிறவனுக்கு இதில் என்ன லாபம்? 346 சிசி எஞ்சின், நாலு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பல ஆண்டுகளுக்கு இந்த அடிப்படை மாறவே இல்லை. புதுமை இல்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் அதனால்தான் ஸ்பேர் கிடைத்தது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இல்லாவிட்டால் புதுப்பேட்டையில் கிடைக்கும்.

நான் 1984-இல் வாங்கியது பதினோரு வயது வண்டி. கூட வந்த மெக்கானிக் அண்ணன் பெயிண்ட்டைப் பார்க்கவே இல்லை. எஞ்சின் நம்பரையும் சேஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். சூடேறியபின் நீலப் புகை வருகிறதா என்று கவனித்தார். வந்தால் ரிங், போர் தேய்மானம்; ரீபோர் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும் என்றார்.

பராமரிப்பையும் அவரிடமே கற்றேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ்ராடு விரலால் திருப்பினால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. பாயிண்ட் இடைவெளியைப் பீலர் கேஜ் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டிகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை லேசாக நகர்த்தி, அதன்பிறகே உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் மதுரை வரை பலமுறை போய்வந்தேன். வழியில் நின்றாலும் பெரும்பாலும் என் பையிலிருந்த சாமான்களே போதும்.

1994-இல் கம்பெனி ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. பிறகு கியர் இடது காலுக்கு மாறியது, எஞ்சினும் மாறியது. பிரேக்கும் நம்பகமும் கூடியதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குகள் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் படித்த பாடம் எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை.

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பழைய புல்லட் நின்றால், முதலில் ஆர்.சி. காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். பதினைந்து வருடம் கடந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிறகு பேரனை அழைத்துக்கொண்டு அந்த மெக்கானிக்கிடம் போய், புஷ்ராடு சரிசெய்வதை அவன் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்.