அதியமான் கொடுத்த நெல்லிக்கனியும் பாட்டியின் ஞாபகமறதியும்



எனக்கு ஊர் தருமபுரி என்றால் முதலில் ஒகேனக்கல் பற்றிக் கேட்பார்கள், அடுத்து அதியமான். தகடூரை (அதுதான் இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவையாருக்குக் கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். வெறும் கர்ணபரம்பரைக் கதை இல்லை. புறநானூற்றின் 91-ஆம் பாடலில் ஔவையாரே அதைச் சொல்லி வாழ்த்துகிறார். 1981-ல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலும் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் இருக்கிறது. ஆக, மன்னன் நிஜம். கனியின் சக்தி?

பாட்டிக்கு ஞாபகமறதி ஆரம்பித்தபோது எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது நெல்லிக்காய் லேகியம்தான். அதனால்தான் இதைத் தேடிப் படித்தேன்.

ஹங்கேரி விஞ்ஞானி சென்ட்-ஜ்யோர்ஜி 1928-ல் பிரித்தெடுத்த ஒரு பொருள்தான் வைட்டமின் சி என்று பிறகு தெரிந்தது. 1937-ல் அவருக்கு நோபல் பரிசு. நெல்லிக்காயில் இது ஆரஞ்சைவிடப் பல மடங்கு. 1956-ல் அமெரிக்காவின் டென்ஹாம் ஹார்மன் ஒரு கருத்தை வைத்தார்: ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல்கள் செல்களை அரிப்பதால்தான் முதுமை வருகிறது. கிட்டத்தட்ட இரும்பு துருப்பிடிப்பது மாதிரி. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. கொழுப்பும் நிறைய. அப்படியானால் துருவைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டை மாத்திரையாக விழுங்கினால் போதுமே?

இங்கேதான் கதை மாறுகிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! மூளை விஷயத்திலும் ஏமாற்றம்தான். வைட்டமின் ஈ, செலினியம் இரண்டும் மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 7,500-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடத்திய ஆய்வு 2017-ல் சொன்னது. காய்கறி, பழம் நிறைய சாப்பிடுகிறவர்களுக்கு மறதி குறைவு என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அது பழத்தாலா, அவர்களின் மற்ற பழக்கங்களாலா என்று பிரிப்பது கஷ்டம்.

அதியமானை வைத்தும் சோதிக்க முடியாது. பாவம், மார்பில் வேல் பாய்ந்து போரில் இறந்துவிட்டான்.

லேகியத்தை நம்பி ஆறு மாதம் நாங்கள் டாக்டரிடம் போகவில்லை. போனபோது பாட்டிக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கம், கூடவே சர்க்கரை. லேகியத்தில் பாதி வெல்லம்! இப்போது வேளாவேளைக்கு மாத்திரை. லேகியத்தை நிறுத்திவிட்டோம். உப்பையும் குறைக்கச் சொன்னதால் ஊறுகாயும் கிடையாது, பச்சை நெல்லிக்காய் மட்டும். கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கிறது என்று தினமும் புதிதாய்ச் சொல்கிறார்.