சாம்பல் நீரும் தராசும்: சவர்க்காரத்தின் வரலாறு

ஈழத் தமிழர் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் சவர்க்காரம் என்பதும் ஒன்று. தமிழ்நாட்டிலே சோப்பு என்னும் சொல் பெருவழக்காகிவிட்ட பின்னரும் இலங்கையிலே இச்சொல் நிலைபெற்றிருக்கின்றது. அதன் ஈற்றிலே நிற்பது காரம். மிளகாயின் காரத்தை அது குறிப்பதில்லை. அமிலத்திற்கு மாறான குணமுடைய பொருளையே குறிக்கின்றது. எண்ணெயும் காரமும் சேர்ந்தாலன்றிச் சவர்க்காரம் உண்டாகாது. இவ்விரண்டனுள் எண்ணெயைப் பெறுதல் மனிதனுக்கு எளிதாயிருந்தது. காரத்தைப் பெறுதலும், பெற்றதை அளந்தறிதலுமே அவனைப் பல நூற்றாண்டுகள் இடர்ப்படுத்தின. சவர்க்காரத்தின் வரலாறு பெரும்பாலும் அந்த இடரின் வரலாறாகும்.

சவர்க்காரம் வருமுன்னர்த் தமிழர் அழுக்கோடு வாழ்ந்தனர் என்று எண்ணுதல் தவறு. எண்ணெய் முழுக்கிற்கு அரப்பும் சீயக்காயும் பயற்றமாவும் இருந்தன. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் இயல்பாகவே உண்டு. துணி வெளுப்போர் உவர்மண்ணைக் கரைத்த நீரிலே துணிகளைத் தோய்த்து வெள்ளாவியில் வைத்து அவித்தனர். உவர்மண்ணிலுள்ள சோடாக் காரம் அழுக்கைக் கழற்றியது. ஆகவே, காரத்தின் ஆற்றல் இந்நாட்டு மக்கள் அறியாததன்று. அக்காரத்தை எண்ணெயுடன் சேர்த்துக் கட்டியாக்கும் கலையே பிறநாடுகளில் வளர்ந்து இங்கு வந்தது.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் உரோம அறிஞர், கொழுப்பையும் சாம்பலையும் கொண்டு கோல் நாட்டினர் செய்த ஒரு பொருளைக் குறிப்பிடுகின்றார். அவர் கூறும் பயன் வியப்பிற்குரியது: தலைமயிருக்குச் செந்நிறம் ஊட்ட அது பயன்பட்டதாம். உரோமாபுரிக்கு அருகே சாப்போ என்னும் மலையில் பலியிட்ட விலங்குகளின் கொழுப்பும் வேள்விச் சாம்பலும் மழைநீரிற் கலந்து ஆற்றங்கரைக்கு வர, அங்கே துணி துவைத்த பெண்கள் சவர்க்காரத்தைக் கண்டறிந்தனர் என்று ஒரு கதை பரவலாக வழங்குகின்றது. அதற்குப் பண்டை நூல்களில் ஆதாரம் இல்லை. ஆயினும் கதை சொல்லும் பொருள்கள் இரண்டும் உண்மையானவை. கொழுப்பும் சாம்பலுமே பழைய சவர்க்காரத்தின் மூலங்கள்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குடியானவர் வீடுகளில் அடுப்புச் சாம்பலைச் சேர்த்துவைத்து, அதன்மீது நீரை ஊற்றி, அடியிலே வடியும் காரநீரை ஏந்திக்கொள்வர். விலங்குக் கொழுப்பை அந்நீருடன் நெடுநேரம் காய்ச்சுவர். காரநீர் போதிய வலிமை உடையதா என்று அறிய ஒரு முட்டையை அதிலே மிதக்கவிடுவர். முட்டை அமிழ்ந்தால் நீர் மெலிந்தது. உரிய அளவு மிதந்தால் பதமானது. ஆனால் சாம்பலின் குணம் மரத்திற்கு மரம் மாறும். காரம் மிஞ்சினால் கை வெந்துபோகும். குறைந்தால் எண்ணெய்ப் பிசுக்கே எஞ்சும். மேலும், விறகுச் சாம்பலில் உள்ளது பொற்றாசுக் காரம். அதனாற் கிடைப்பது களிபோன்ற மென்சவர்க்காரமே.

கட்டியான சவர்க்காரத்திற்குச் சோடாக் காரம் வேண்டும். உவர் நிலங்களில் வளரும், உமரியை ஒத்த செடிகளை எரித்த சாம்பலில் அக்காரம் கிடைத்தது. ஒலிவ எண்ணெயும் அத்தகைய சாம்பலும் ஒருங்கே கிடைத்த மத்தியதரைக் கடற்கரை நாடுகளே இக்கலையின் தாயகமாயின. சிரியாவின் அலெப்போவிலே ஒலிவ எண்ணெயுடன் லோரல் மரக்காயின் எண்ணெயும் சேர்த்தனர். பலஸ்தீனத்து நாபுலுஸ் நகரில் ஒலிவ எண்ணெய்ச் சவர்க்காரம் குடும்பத் தொழிலாக வழிவழி வந்தது. பிரான்சின் மார்செய் நகரமும் இத்தொழிலிற் புகழ்பெற்றது. 1688 ஆம் ஆண்டின் அரச கட்டளை, அங்கே ஒலிவ எண்ணெய் தவிர வேறு கொழுப்பைச் சேர்த்தலைத் தடுத்தது. கோடை மாதங்களிலே தொழிலை நிறுத்திவைக்கவும் பணித்தது. இங்கிலாந்திலோ 1712 முதல் 1853 வரை சவர்க்காரத்தின்மீது வரி இருந்தது. வரி ஏய்ப்பைத் தடுக்கக் கொதிகலன்களின் மூடிகளை அதிகாரிகள் இரவிலே பூட்டிவைத்தனர். தூய்மை அக்காலத்தில் வசதியுடையோர் பொருளாயிருந்ததற்கு இவ்வரியும் ஒரு காரணம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்ணாடித் தொழிலும் துணித் தொழிலும் பெருகவே, செடிச் சாம்பல் போதாதாயிற்று. கறியுப்பிலிருந்து சோடா செய்வார்க்குப் பரிசு தருவதாகப் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அறிவித்தது. நிக்கலசு லெப்லாங் என்னும் மருத்துவர் வழி கண்டார். உப்புடன் கந்தகவமிலம் சேர்த்து, விளைந்த பொருளைச் சுண்ணக்கல்லோடும் கரியோடும் சூளையில் எரித்தார். 1791 இல் காப்புரிமையும் பெற்றார். ஆனால் பிரெஞ்சுப் புரட்சி அவரை வாழவிடவில்லை. அவரை ஆதரித்த ஓர்லியன்சுப் பிரபு 1793 இற் கொலைத்தண்டம் பெற்றார், தொழிற்சாலை பறிமுதலாயிற்று, செய்முறை வெளியிடப்பட்டது. பரிசும் அவர் கைக்கு வரவில்லை. பின்னர்த் தொழிற்சாலை மீண்டபோது அதனை நடத்தப் பொருளின்றி, 1806 இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் முறையாற் பிறர் செல்வராயினர். அம்முறை வெளிவிட்ட அமிலப் புகையாற் பயிர் கருகியதும், அதனை அடக்க இங்கிலாந்து 1863 இற் சட்டம் இயற்றியதும் அவ்வரலாற்றின் மறுபக்கம்.

காரம் மலிந்தது, ஆனால் எண்ணெயும் காரமும் கூடும்போது நிகழ்வது யாது என்பது விளங்கவில்லை. அதனை விளக்கியவர் மிசெல் செவ்ரொல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். 1823 இல் வெளிவந்த தம் நூலிலே, கொழுப்பு என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த சேர்வை என்றும், காரம் அவற்றைப் பிரித்து அமிலங்களோடு கூடுவதே சவர்க்காரம் என்றும் காட்டினார். முட்டையை மிதக்கவிட்டு ஊகித்த கலைக்கு இதனால் அறிவியல் அடிப்படை கிடைத்தது.

இதன்பின் இலங்கையின் தென்னையும் இவ்வரலாற்றிற் புகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கைத் தேங்காயெண்ணெய் இங்கிலாந்தின் மெழுகுதிரி, சவர்க்காரத் தொழில்களுக்குச் சென்றது. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் விரைந்து நுரைக்கும். கடல் நீரிலும் நுரைப்பதாற் கப்பலோட்டிகள் அதனை விரும்பினர். 1885 இற் சன்லைட் சவர்க்காரத்தைச் செய்யத் தொடங்கிய வில்லியம் லீவர், தாவர எண்ணெய்களைப் பெரிதும் பயன்படுத்தினார். 1938 இல் லீவர் நிறுவனம் இலங்கையிலும் கால்கொண்டது. வீட்டிலே சவர்க்காரம் காய்ச்சிய நாடுகளிலும் அவ்வழக்கம் அருகி, கடைக்கட்டி அதன் இடத்தைப் பிடித்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கைத்தொழிற் சவர்க்காரம் மீண்டும் வீடுகளுக்குத் திரும்பியது. திரும்பியபோது அது பழைய சாம்பற் கலையாக வரவில்லை. 1879 இல் கொட்சுடோர்பர் என்னும் அறிஞர், வெண்ணெயிற் பிற கொழுப்புக் கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தார். குறித்த நிறையுள்ள கொழுப்பைச் சவர்க்காரமாக்க எவ்வளவு காரம் செல்கின்றது என்று அளப்பதே அம்முறை. கலப்படத்தைக் காட்டப் பிறந்த அவ்வெண்களே இன்று கையாற் சவர்க்காரம் செய்வோரின் வழிகாட்டி. 100 கிராம் தேங்காயெண்ணெய்க்கு ஏறக்குறைய 18 கிராம் எரிசோடா வேண்டும். ஒலிவ எண்ணெய்க்கோ 13½ கிராம் அளவே போதும். தேங்காயெண்ணெயின் கணக்கை ஒலிவ எண்ணெய்க்கு வைத்தால், விளைவது தோலைப் புண்ணாக்கும் கட்டி.

இக்கலையைப் பயில்வோர் முதலிற் கற்பன இவையே: எரிசோடாவை நீரிலே சிறிது சிறிதாக இடவேண்டும்; அதன்மேல் நீரை ஊற்றலாகாது, ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தை அது அரிக்கும். கண்ணுக்கும் கைக்கும் காப்பு வேண்டும். சிறுவர் அணுகலாகாது. எண்ணெயிற் சிறுபங்கு காரத்திற்கு அகப்படாமல் எஞ்சுமாறு கணக்கிடுவர். வார்த்த கட்டியை வெட்டி 4 முதல் 6 வாரம் காற்றாட வைப்பர். தொழிற்சாலைகள் உப்பிட்டுப் பிரித்தெடுக்கும் கிளிசரின் இக்கட்டியிலேயே தங்கிவிடுகின்றது.

போரினாற் சிதைந்த அலெப்போவின் சவர்க்காரக் கலையையும், நாபுலுஸ் நகரின் கலையையும் 2024 இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அங்கும் காரம் சேராமற் கட்டி பிறப்பதில்லை. ஆகவே, காரமே இல்லாத இயற்கைச் சவர்க்காரம் என்று எவரேனும் விற்பாராயின், வாங்குவோர் ஐயுறுதல் தகும். செவ்வையாகச் செய்த கட்டியில் எரிசோடா எஞ்சியிராது. ஆனால் அதன்றி அக்கட்டி பிறந்திராது. எண்ணெய் எத்துணை நல்லதாயினும், நறுமணம் எத்துணை இனியதாயினும், தோலுக்கு நலமும் தீங்கும் அளவினாலேயே அமைகின்றன. முட்டையை மிதக்கவிட்ட அன்றைய இல்லத்தரசி தேடியதும் அந்த அளவையே. அவளுக்குக் கிட்டாத தராசும் கணக்கும் இன்று எவர்க்கும் எளிதிற் கிட்டுகின்றன.